வேட்டைக்காரர் பறவைக் காவலர் ஆன கதை: சர் பீட்டர் ஸ்காட்



இந்த மாதச் சுவர் இதழில் 'மறக்க முடியாத மனிதர்கள்' பகுதியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேலே வலது மூலையில் நான் வரைந்திருக்கும் பாண்டா கரடியைப் பாருங்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? உலக வனவிலங்கு நிதியத்தின் சின்னம் அது. சுருக்கமாகச் சொன்னால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (உடனே டி.வி. மல்யுத்தம்னு நினைச்சுடாதீங்க! அந்த மல்யுத்தக் கம்பெனி 2002-லேயே தன் பெயரை மாற்றிக்கொண்டது. இது வேற.) அந்தப் பாண்டாவை உலகத்துக்கு வரைந்து கொடுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்காட்.

அவர் ஓவியர் மட்டும் இல்லை. இளம் வயதில் துப்பாக்கியோடு காட்டு வாத்துகளைத் தேடி அலைந்த வேட்டைக்காரர். அதே மனிதர்தான் பிறகு, காட்டில் ஏறக்குறைய முப்பதே மிஞ்சியிருந்த ஒரு வாத்து இனத்தை மீட்கும் வேலையில் முன்னால் நின்றார். இது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அப்பா எழுதிய கடைசிக் கடிதம்

பீட்டர் ஸ்காட் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய அப்பாவை நாம் சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். தென் துருவத்துக்குப் போன கேப்டன் ராபர்ட் ஸ்காட்தான் அவர். அம்மா கேத்லீன் ஒரு சிற்பி. குழந்தைக்கு 'பீட்டர்' என்ற பெயர் 'பீட்டர் பேன்' கதையின் நாயகனை நினைத்து வைக்கப்பட்டது. அந்தக் கதையை எழுதிய ஜே.எம்.பாரி இவர்கள் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர்.

கேப்டன் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று தென் துருவத்தை அடைந்தார். ஆனால் நார்வே நாட்டின் அமுண்ட்சென் ஒரு மாதம் முன்பே, 1911 டிசம்பர் 14 அன்று, அங்கே கொடி நட்டுவிட்டார். திரும்பி வரும் வழியில் பனியிலும் பசியிலும் சிக்கி ஸ்காட்டும் அவருடைய தோழர்களும் இறந்து போனார்கள். அப்போது பீட்டருக்கு இரண்டரை வயது. அப்பாவின் முகம்கூட சரியாக ஞாபகம் இருந்திருக்காது.

கூடாரத்துக்குள் சாகும் நேரத்தில் கேப்டன் ஸ்காட் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் மகனைப் பற்றியும் எழுதியிருந்தார். முடிந்தால் பையனுக்கு இயற்கை மேல் ஆர்வம் வரும்படி செய், விளையாட்டைவிட அது மேலானது என்பதுதான் அதன் கருத்து. சொத்து சேர்த்து வை என்றோ, என்னை மாதிரி பெரிய வீரனாக்கு என்றோ அவர் கேட்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

அம்மா அந்த ஆசையை நிறைவேற்றினார். பீட்டர் சின்ன வயதிலேயே பூச்சி, பல்லி, பறவை என்று எதைப் பார்த்தாலும் கவனிக்கவும் வரையவும் தொடங்கிவிட்டார்.

துப்பாக்கியும் தூரிகையும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பீட்டருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் சேறும் சதுப்புமாகப் பெரிய பரப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கே ஆர்க்டிக் பகுதியில் இருந்து காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக அங்கே வரும். இவை நம்மூர் வாத்து மாதிரி அல்ல, நீண்ட கழுத்துள்ள பெரிய வாத்துகள். ஆங்கிலத்தில் 'கூஸ்' என்பார்கள். விடியற்காலை இருட்டில், உறைய வைக்கும் குளிரில், சேற்றில் படுத்துக் காத்திருந்து சுடுவார் பீட்டர். படகில் பெரிய துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டும் போவார்.

இதில் விசித்திரம் என்னன்னா, சுட்ட அதே கையால் அந்தப் பறவைகளை வரையவும் செய்தார். விடியல் வானத்தில் வரிசையாகப் பறக்கும் வாத்துகளை அவர் தீட்டிய படங்களை மக்கள் விரும்பி வாங்கினார்கள். கடலோரத்தில் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு பழைய கலங்கரை விளக்கத்தை வாடகைக்கு எடுத்து, 1933 முதல் அங்கேயே தங்கி வரைந்தார். அதைச் சுற்றி உயிருள்ள வாத்துகளையும் வளர்த்தார்.

அவர் ஒரு விளையாட்டு வீரரும்கூட. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். நம் தயான் சந்த் ஹாக்கியில் தங்கம் வென்று தந்தாரே, அதே ஒலிம்பிக்தான்!

மனசை மாற்றிய வாத்து

ஒரு நாள் நண்பர்களோடு வேட்டைக்குப் போயிருந்தபோது, சுடப்பட்ட ஒரு வாத்து கால் ஒடிந்து சேற்றின் நடுவில் விழுந்தது. அந்தச் சேறு மனிதன் கால் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். யாராலும் அதன் பக்கத்தில் போக முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை, அதன் வேதனையை முடித்து வைக்கவும் முடியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அது இன்னும் உயிரோடு, அதே இடத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு இருந்தது.

அந்தக் காட்சி பீட்டரை விடவே இல்லை. இந்தப் பறவை நமக்கு என்ன தீங்கு செய்தது, இதற்கு இப்படி ஒரு வேதனையைத் தர நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி அவருக்குள் உட்கார்ந்துகொண்டது.

சினிமாவில் வருவது போல அன்றைக்கே துப்பாக்கியைத் தூக்கி எறிந்தார் என்று நான் எழுத மாட்டேன். அப்படி நடக்கவில்லை. வேட்டையை முழுதாக விட அவருக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின. ரொம்பப் பிடித்த ஒன்றை விடுவது அவ்வளவு சுலபமா? ஆனால் விட்டார். அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பீட்டர் கடற்படையில் சேர்ந்து வீரப் பதக்கம் பெற்றார். ஓவியர் கண் சும்மா இருக்குமா? இரவில் கப்பல்கள் எதிரிக்குத் தெரியாமல் இருக்க வெளிர் நிறங்களில் வண்ணம் பூசும் முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தார்.

ஸ்லிம்பிரிட்ஜ்

போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், செவர்ன் ஆற்றங்கரையில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற கிராமத்துக்கு வாத்துகளைப் பார்க்கப் போனார். ஆயிரக்கணக்கான வாத்துகளுக்கு நடுவே மிக அபூர்வமான ஒரு இனத்தை அங்கே கண்டார். தன் வாழ்நாள் வேலைக்கு ஏற்ற இடம் இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். 1946 நவம்பரில் அங்கே நீர்ப்பறவைகளுக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் பல இடங்களில் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றும் பெரிய அமைப்பாக அது வளர்ந்தது. மக்கள் உள்ளே வந்து பறவைகளைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். பார்த்தால்தான் பாசம் வரும், பாசம் வந்தால்தான் காப்பாற்றுவார்கள் என்பது அவர் கணக்கு.

நேநே: முப்பதில் இருந்து மூவாயிரம்

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன்.

பசிபிக் பெருங்கடலின் நடுவில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கே மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், ஒரு வாத்து வாழ்கிறது. 'நே... நே...' என்று கத்துவதால் அதன் பெயரே நேநே. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறைகளில் நடந்து திரிவதால் அதன் கால் விரல்களுக்கு நடுவில் உள்ள தோல் மற்ற வாத்துகளைவிடக் குறைவு.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாயில் சுமார் 25,000 நேநே வாத்துகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1950 வாக்கில் காட்டில் மிஞ்சியவை சுமார் 30. நம் வகுப்பில் இருக்கும் மாணவர்களைவிடக் குறைவு! எங்கே போயின மற்றவை?

முதல் காரணம் வேட்டை. நேநே குளிர்காலத்தில்தான் முட்டையிடும். வேட்டைக்காரர்கள் வந்ததும் அதே காலத்தில். குஞ்சு வளர்க்கும் சமயத்தில் தாய், தகப்பன் இரண்டுக்கும் இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும். சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. ஓடிப் போய்க் கையால் பிடித்துவிடலாம்.

இரண்டாவது காரணம், வெளியில் இருந்து வந்த விலங்குகள். கப்பலில் எலி வந்தது, பூனையும் நாயும் பன்றியும் வந்தன. கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை தாங்கவில்லை என்று 1883-ல் கீரிப்பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். அந்தக் கீரிகளின் பூர்வீகம் எது தெரியுமா? நம் இந்தியா! இங்கிருந்து ஜமைக்கா போய், அங்கிருந்து ஹவாய் போனவை. ஆனால் எலி இரவில் அலையும், கீரி பகலில் அலையும். இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. கீரிகள் தரையில் கூடு கட்டும் நேநேயின் முட்டையையும் குஞ்சையும் தின்று கொழுத்தன. யோசிக்காமல் செய்த உதவி உபத்திரவமாக முடிந்தது.

ஹவாயில் ஹெர்பர்ட் ஷிப்மன் என்ற நில உரிமையாளர் 1918 முதல் தன் இடத்தில் சில நேநேக்களை வளர்த்து வந்தார். 1946-ல் வந்த சுனாமி அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொண்டு போய்விட்டது. 2004-ஐ அறிந்த நமக்குச் சுனாமி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். மிஞ்சியவற்றில் இருந்து ஹவாய் அரசு வளர்ப்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கியது. அதற்கு உதவ ஸ்லிம்பிரிட்ஜில் இருந்து பறவை வளர்ப்பு அதிகாரி ஒருவர் போனார். 1950-ல் அவர் திரும்பி வரும்போது இரண்டு நேநேக்களைக் கொண்டு வந்தார். ஒரு ஜோடி என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வசந்தத்தில் ஒன்று முட்டையிட்டது. ஆஹா என்று பார்த்தால், இன்னொன்றும் முட்டையிட்டது! இரண்டுமே பெட்டை!

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் அங்கே யாருக்கும் சிரிக்க நேரமில்லை. உடனே ஹவாய்க்குத் தந்தி பறந்தது. சில நாட்களில் ஒரு சேவல் வாத்து விமானம் ஏறி வந்து சேர்ந்தது. ஹவாயின் பழைய மன்னர் கமேஹமேஹாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த வருட முட்டைகள் வீணாகிவிட்டன. ஆனால் 1952-ல் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. உலகத்தில் முப்பது சொச்சம் இருக்கும் இனத்தில் ஒன்பது குஞ்சு என்றால் சும்மாவா?

முட்டைகளை அதிகமாக்க ஒரு வழி உண்டு. முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகோழிக்கு அடியில் வைத்துவிட்டால், தாய் வாத்து மறுபடியும் முட்டையிடும். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வித்தைதான்!

பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. எல்லாம் அந்த மூன்றின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கட்டினால் குழந்தைகளுக்குக் குறை வரலாம் என்று டாக்டர்கள் சொல்வார்களே, அதே கதைதான். பல முட்டைகள் பொரிக்கவில்லை. வெளியில் இருந்து புது சேவல்களைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு இனத்தை ரொம்பக் குறையவிட்டு அதன்பிறகு காப்பாற்றப் போனால், எண்ணிக்கை கூடினாலும் பழைய பலம் திரும்புவது கஷ்டம் என்று இதில் இருந்து தெரிகிறது.

1962-ல் ஸ்லிம்பிரிட்ஜில் வளர்ந்த 30 வாத்துகள் விமானத்தில் ஹவாய் திரும்பின. மாவி என்ற தீவில் ஹலேயகலா என்ற பெரிய எரிமலைப் பள்ளத்தில் அவற்றை விட வேண்டும். பள்ளத்துக்குள் வண்டி போகாது. அப்போது யார் தூக்கிக்கொண்டு போனார்கள் தெரியுமா? சாரணச் சிறுவர்கள்! நம் வயதுப் பையன்கள் வாத்துகளைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்து, மலைப்பாதையில் நடந்து போய்ச் சேர்த்தார்கள். நம் பள்ளிச் சாரணர் படையில் இருப்பவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

இதோடு சுபம் போட்டுவிட முடியாது. விட்ட வாத்துகள் பல செத்தன. கீரியும் பூனையும் அங்கேயேதான் இருந்தன. வருடா வருடம் புதிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஸ்லிம்பிரிட்ஜில் இருந்து போனவை சுமார் 200, ஹவாய்ப் பண்ணையில் இருந்து விட்டவை அதைவிடப் பல மடங்கு. வேலி போட்டார்கள், பொறி வைத்துக் கீரிகளைப் பிடித்தார்கள். கீரி குடியேறாத கவாய் என்ற தீவில்தான் நேநே நன்றாகப் பெருகியது. கூண்டில் எத்தனை வளர்த்தாலும், திரும்பிப் போக பத்திரமான வீடு இல்லை என்றால் பயனில்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

இன்று ஹவாயில் 3,000-க்கும் மேற்பட்ட நேநேக்கள் இருக்கின்றன. 1957-லேயே அது ஹவாயின் அடையாளப் பறவை ஆகிவிட்டது. 2019-ல் அமெரிக்க அரசு, அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் இருந்து அதைவிட ஒரு படி ஆபத்து குறைந்த பட்டியலுக்கு நேநேயை மாற்றியது. முழுதாகத் தப்பிவிட்டதா என்றால், இல்லை. காவல் தொடர்கிறது.

பாண்டாவும் சிவப்புப் புத்தகமும்

ஒரு வாத்தோடு பீட்டர் நிற்கவில்லை. 1961-ல் நண்பர்களோடு சேர்ந்து உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கினார். அப்போது லண்டன் விலங்குக் காட்சியகத்தில் 'சி-சி' என்ற பாண்டா இருந்தது. அதை மனதில் வைத்துத்தான் சின்னத்தை வரைந்தார். பாண்டா எல்லோருக்கும் பிடிக்கும், அழியும் நிலையிலும் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் செலவு குறைவு! அந்த மிச்சமும் விலங்குகளுக்குத்தானே.

1963 முதல் சுமார் 17 ஆண்டுகள், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தில் உயிரினங்களைக் காக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தார். எந்த விலங்கு எங்கே, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? அதனால் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களைத் தொகுத்து எழுத ஏற்பாடு செய்தார். அதுதான் நாம் உயிரியல் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படிக்கும் சிவப்புத் தகவல் புத்தகம்! முதல் தொகுதிகள் 1966-ல் வெளிவந்தன. புதுத் தகவல் வந்தால் தாளை மாற்றிக்கொள்ள வசதியாக, அப்போது தனித்தனித் தாள்களாக இருந்தது.

எண்ணுவதிலும் பார்ப்பதிலும் அவருக்கு இருந்த பொறுமைக்கு இன்னொரு உதாரணம். குளிர்காலத்தில் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியில் இருந்து பெவிக் அன்னங்கள் அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருந்த குளத்துக்கு வரும். அவற்றின் அலகில் மஞ்சளும் கறுப்பும் கலந்த கோலம், நம் கைரேகை போல, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக இருப்பதை 1964-ல் கவனித்தார். குடும்பமே உட்கார்ந்து ஒவ்வொரு அன்னத்தின் அலகையும் வரைந்து பெயர் வைத்தது. அடுத்த வருடம் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாரோடு யார் ஜோடி என்று நோட்டில் குறித்து வைத்தார்கள். ஆராய்ச்சிக்குக் கோடி ரூபாய் கருவி வேண்டாம், பென்சிலும் பொறுமையும் இருந்தால்கூட போதும் போலிருக்கிறது.

கடைசிக் காலம்

திமிங்கில வேட்டையை நிறுத்தவும் அவர் பல ஆண்டுகள் பாடுபட்டார். வணிகத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதை நிறுத்தி வைக்க 1982-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் முடிவு எடுத்தது. அப்பா உயிர் விட்ட அண்டார்டிகாவுக்கும் போனார். அந்தக் கண்டத்தைக் கெடுக்காமல் விட வேண்டும் என்று வாதாடினார். 1973-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. இயற்கைப் பாதுகாப்புக்காக அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான் என்கிறார்கள். 1989 ஆகஸ்ட் 29 அன்று காலமானார். இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் 80 வயது நிறைந்திருக்கும்.

எனக்குத் தோன்றியது

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது என் பெஞ்சு நண்பன், ஒரு வாத்துக்கு ஏன்டா இவ்வளவு செலவு, இது இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடுமா என்று கேட்டான். நல்ல கேள்விதான். உலகம் நிற்காது. ஆனால் அந்த வாத்து தானாக அழியவில்லை. சுட்டது மனிதன், கீரியைக் கொண்டு வந்து விட்டதும் மனிதன். உடைத்தவர்தானே ஒட்ட வைக்க வேண்டும்? அதோடு, ஒட்ட வைக்கும் செலவு எப்போதுமே அதிகம். இருபத்தைந்தாயிரம் இருந்தபோதே கொஞ்சம் அடக்கமாக இருந்திருந்தால் விமானமும் வேண்டாம், தந்தியும் வேண்டாம், அடைகோழியும் வேண்டாம்.

இன்னொன்றும் தோன்றியது. நேற்று தப்பாக இருந்தவர் நாளைக்கு நல்லது செய்ய முடியாது என்று இல்லை. வாத்துகளைச் சுடத் தெரிந்ததால்தான் அவை எப்போது வரும், எங்கே மேயும், எதற்குப் பயப்படும் என்று பீட்டருக்கு அத்தனை தெரிந்திருந்தது. அந்த அறிவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அவர் முடிவு செய்தார். கவண் வைத்துக் குருவி அடிக்கும் என் அருமை நண்பர்களே, இது உங்களுக்கும்தான்! குறி பார்க்கும் கண் உங்களிடம் இருக்கிறது. அந்தக் கண்ணால் எண்ணிப் பாருங்களேன்.

இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டுப் பக்கத்துக் குளத்திலோ ஏரியிலோ எந்தப் பறவையைப் பார்த்தாலும் பெயர், எண்ணிக்கை, தேதி மூன்றையும் அதில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள், சாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தயவுசெய்து நோட்டில் வேறு எதுவும் கிறுக்க வேண்டாம்!



பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு